உடைந்த அரக்கு முத்திரை: பெட்டியில் வைப்பதா, நாமே ஒட்டுவதா, மைசூருக்கு அனுப்புவதா?

மழை ஓய்ந்து பீரோக்களைத் திறந்து காற்றாட விடும் நாட்களில்தான் இந்தக் கேள்வி என்னைத் தேடி வரும். இந்த முறை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கோத்தகிரியை ஒட்டிய ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் வசிக்கும் குடும்பத்திடம் தாத்தா காலத்துத் தோட்டக் கிரயப் பத்திரம் இருக்கிறது. கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் நான்கு சிவப்பு முத்திரைகள், ஒன்று மூன்று துண்டாகிவிட்டது. கூடலூர் நண்பர் ஒருவரின் குத்தகைப் பத்திரத்திலும் முத்திரை விரிசல் விட்டிருக்கிறது. ஆனால் அந்த நிலம் இன்னும் வழக்கில் இருக்கிறது. குன்னூர்ப் பக்கத்துத் தேவாலயச் செயலர் ஒருவரிடம் இருப்பது தோல் ஆவணம். அதில் பட்டுநாடாவில் தொங்கும் பிஷப்பின் முத்திரை, தகரச் சிமிழுக்குள் பொடியாக உதிர்கிறது.

மூவரும் கேட்பது ஒன்றுதான்: என்ன செய்யட்டும்? மூவருக்கும் என் பதில் வெவ்வேறு. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## முதலில் பார்க்க வேண்டியவை

மெழுகா, அரக்கா? ஆங்கிலத்தில் இரண்டையும் மெழுகு என்றே சொல்லிவிடுவார்கள். தமிழில் சொல்லிலேயே பிரித்து வைத்திருக்கிறோம். மெழுகு தேனீ தருவது. அரக்கு என்பது புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசின். இடைக்கால ஐரோப்பாவில் தேன்மெழுகோடு மரப்பிசினைச் சேர்த்து முத்திரை வைத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டு முதல் இந்தியாவிலிருந்து போன அரக்கு அங்கே மெதுவாக அந்த இடத்தைப் பிடித்தது. நம் காட்டு அரக்கு கப்பலேறிப் போய், சாதிலிங்கம் என்ற சிவப்பு நிறமி கலந்த குச்சியாகத் திரும்பி வந்து, நம் ஊர்ப் பத்திரங்களிலேயே உருகி விழுந்திருக்கிறது.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தது 1819இல். அதற்குப் பிறகுதான் இங்கே ஆங்கிலேயரின் குடியிருப்பும் தோட்டமும் பத்திரங்களும். எனவே இங்குள்ள வீடுகளில் கிடைக்கும் முத்திரைகளில் பெரும்பாலானவை அரக்கு. மெல்லியதாக, பளபளப்பாக, கெட்டியாக இருக்கும். உடைந்தால் கண்ணாடிச் சில்லு போலக் கூரான விளிம்பு தெரியும். தேன்மெழுகு முத்திரை தடிமனானது, மங்கலானது, உடைந்த இடம் சொரசொரப்பாக, ஏடு ஏடாகப் பிரியும். நகத்தால் கீறிச் சோதிக்க வேண்டாம். அந்தக் கீறல் நிரந்தரமாகிவிடும்.

மூன்றாவது வகையும் உண்டு: மாவு வில்லை. மாவைப் பிசைந்து தட்டிய வில்லை மேல் சதுரத் தாளை வைத்து அழுத்திய முத்திரை. இதற்கு எதிரி ஈரமும் இராமபாணப் பூச்சியும்.

வகை ஏன் முக்கியம்? அரக்கு சாராயத்தில் கரையும். மெழுகு டர்பன்டைனில் கரையும். மாவு தண்ணீரிலேயே ஊறிவிடும். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சு.

இப்போதும் உதிர்கிறதா? ஆவணத்தை வெள்ளைத் தாள் மீது வைத்து, மூடி, ஒரு வாரம் அசைக்காமல் விடுங்கள். பிறகு தாளைப் பாருங்கள். சிவப்புத் தூள் இல்லை என்றால், அந்த விரிசல் ஐம்பது ஆண்டுக்கு முன் விழுந்து அப்படியே அடங்கிப்போனதாக இருக்கலாம். தூள் இருந்தால் அவசரம் உண்டு.

ஆவணம் எதற்கு வேண்டும்? நீதிமன்றத்துக்கா, வரலாற்றுக்கா, வரவேற்பறைச் சுவருக்கா?

செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? நாளை இன்னும் நல்ல முறை தெரிந்த ஒருவர் வந்தால், இன்று நாம் போட்ட ஒட்டை முத்திரைக்குச் சேதமில்லாமல் நீக்க முடிய வேண்டும். எனக்கு இதுதான் தலையாய அளவுகோல்.

கடைசியாக, செலவு. பணம் மட்டுமல்ல, மலையிலிருந்து இறங்கி ஏறும் பயணமும் செலவுதான்.

## வழி ஒன்று: தொடாமல், நல்ல பெட்டியில் வைப்பது

பத்தில் ஏழெட்டு வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். கேட்பவர்கள் ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள், ஏதோ கைவிரித்துவிட்டேன் என்பதுபோல. ஆனால் முத்திரைகள் உடைவது பெரும்பாலும் வயதால் அல்ல, அவற்றின் மேல் விழும் பாரத்தால். மூன்றாக மடித்த பத்திரம், மடிப்புக்குள் முத்திரை, அதன் மேல் இன்னும் பத்துப் பத்திரம், அதற்கு மேல் கல்யாண ஆல்பம். ஒவ்வொரு முறை விரித்து மடிக்கும்போதும் அடியில் தாள் வளைகிறது, மேலே அரக்கு வளைய மறுக்கிறது, விரிசல் விழுகிறது.

பெட்டிக்கு வேண்டியவை அதிகமில்லை. அமிலம் இல்லாத அட்டையில், ஆவணம் விரிந்தபடி படுக்கும் அளவுக்கு ஒரு பெட்டி. பாலிஎத்திலீன் நுரைத் தகட்டில் முத்திரையின் உயரத்தைவிடச் சற்று ஆழமாக ஒரு குழி வெட்ட வேண்டும். தட்டையான முத்திரை என்றால், தாளின் மேல் வைக்கும் நுரையில் முத்திரை வரும் இடத்தில் ஒரு ஜன்னல். மேலே எதை வைத்தாலும் பாரம் நுரையின் மேல் இறங்கும், முத்திரையின் மேல் இறங்காது. பஞ்சு வைத்துச் சுற்றாதீர்கள். அதன் இழை விரிசலில் மாட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது துண்டையும் சேர்த்து இழுத்துவரும். போதாததற்கு ஈரத்தையும் பிடித்து வைக்கும். உதிர்ந்த துண்டுகளை, கடுகளவே ஆனாலும், ஒரு சிறு உறையில் போட்டு, எந்த முத்திரையுடையது என்று எழுதி, அதே பெட்டியில் வையுங்கள்.

மறைமுகச் செலவு, நம் மலையின் ஈரம். கூடலூருக்கும் ஊட்டிக்கும் தென்மேற்குப் பருவமழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்கில்தான் கனத்த மழை. ஆவணங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காற்று ஈரப்பதம் 35 முதல் 60 சதவீதம் வரை. மழைமாதங்களில் நம் வீட்டுக்குள் அது எங்கோ மேலே இருக்கும். பிறகு ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் பகல் காற்று வறண்டுவிடும். இந்த ஏற்ற இறக்கத்தில் தாளும் தோலும் விரிந்து சுருங்குகின்றன. அரக்கு அசையாமல் நிற்கிறது. ஆகவே பெட்டியை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். வீட்டின் நடுவில் உள்ள அறை, தரையிலிருந்து உயரமான தட்டு, கணப்புக்குத் தொலைவு. ஈரப்பதமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். சிலிக்கா ஜெல் போட்டால் மாதாமாதம் பார்த்து மாற்ற வேண்டும். போட்டுவிட்டு மறந்தால் பயனில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலைவீடுகளில் துணி பூஞ்சை பிடிக்காமல் இருக்க பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடும் வழக்கம் உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்தது. தாத்தா எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. அவர் பெயரில் இருந்த ஒரே பத்திரம் அந்த பீரோவின் மேல்தட்டில், பல்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஓர் ஆகஸ்ட் மாதம் முழுவதும் பல்பு அணையவே இல்லை. திறந்தபோது முத்திரை உடையவில்லை. ஆனால் அதன் முகம் இல்லை. மான் தலையும் சுற்றிலும் எழுத்துகளும் இருந்த இடம், நக்கித் தீர்த்த மிட்டாய் போல வழுவழுவென்று ஆகியிருந்தது. எதிர்ப்பக்கத் தாளில் சிவப்பாக ஒரு வட்டம் ஒட்டியிருந்தது. உடைந்ததைச் சேர்க்க வழி இருக்கிறது. உருகிய முகத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. அரக்கு மாளிகை கதை தெரிந்த நமக்கு அரக்கும் வெப்பமும் பகை என்பது தெரியாததல்ல. ஆனால் அதை பீரோவோடு சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை.

அதேபோல, அந்துருண்டையும் வேண்டாம், நீலகிரித் தைலமும் வேண்டாம். பூஞ்சைக்குத் தைலம் தொட்டுத் துடைப்பது நம் ஊர்ப் பழக்கம். தைலம் மெழுகையும் பிசினையும் இளக்கக்கூடியது. தேன்மெழுகு முத்திரையில் வெள்ளையாகப் படிவது பலமுறை பூஞ்சையே அல்ல. மெழுகுக்குள்ளிருந்தே மேலே கசிந்து வரும் படலம் அது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பூஞ்சைக்கு நூல் நூலாக இழை தெரியும். இந்தப் படலம் பனி மூடிய கண்ணாடி போல ஒரே சீராக இருக்கும். அதை அப்படியே விடலாம்.

உதிராத முத்திரை, அடிக்கடி விரிக்கத் தேவையில்லாத பத்திரம், குறைந்த பணம்: இந்த மூன்றும் சேர்ந்தால் பெட்டிதான் சரி.

## வழி இரண்டு: நாமே ஒட்டுவது

கோத்தகிரி கடைத்தெருவில் நல்ல தேன்மெழுகு கிடைக்கிறது. ஸ்டேஷனரி கடையில் அரக்குக் குச்சியும் கிடைக்கிறது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஒரு துளி உருக்கி விரிசலில் விட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆசையை நான் புரிந்துகொள்கிறேன். இருந்தும் வேண்டாம் என்றுதான் கெஞ்சிக் கேட்பேன்.

காரணம் சொல்கிறேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகிவிடும். சூடான புது மெழுகு பழைய விளிம்பைத் தொட்டதும் விளிம்பும் சேர்ந்து இளகும். விரிசல் மூடும், பக்கத்திலிருந்த எழுத்தும் மூடிக்கொள்ளும். அரக்கு இன்னும் மோசம்: பழைய அரக்கை மறுபடி சூடாக்கினால் கொப்பளிக்கும், கருகும். அதிலுள்ள சிவப்பு சாதிலிங்கமாக இருந்தால் அது பாதரசச் சேர்மம். சூட்டில் பாதரச ஆவி கிளம்பும். சமையலறை அடுப்பில் அந்த வேலை ஆகாது.

சூடில்லாத பசைகள்? உடனடியாக ஒட்டும் பசை கண்ணாடி போல இறுகும், துண்டு அரை மில்லிமீட்டர் விலகி ஒட்டினாலும் திருத்த முடியாது. வெள்ளைப் பசை காய்ந்தபின் எடுக்க வராது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அரக்கு பஞ்சோடு வந்துவிடும். ஒளிபுகும் டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி, தாளுக்குள் எண்ணெய்க் கறையாக இறங்கும்.

பல்பிடமிருந்து தப்பிய பத்திரம் பசையிடம் நிரந்தரமாகச் சிக்குவதை இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன்.

லேமினேஷன், கண்ணாடிச் சட்டம் இரண்டையும் இந்த வழியோடு சேர்த்தே ஒதுக்குகிறேன். லேமினேஷன் எந்திரத்தின் உருளை சூட்டோடு அழுத்தவும் செய்யும். சட்டக் கண்ணாடி முத்திரையின் மேல் நேராக அமரும். ஊரில் ஒரு சட்டக் கடையில், பின்பலகையை ஆணியடித்து இறுக்கும்போது ஒரு சிவப்பு முத்திரை நொறுங்கும் சத்தத்தை நான் கேட்டேன். அப்பளம் முறிவது போன்ற சின்னச் சத்தம். சுவரில் மாட்ட வேண்டுமா? நல்ல படம் எடுத்துப் படத்தை மாட்டுங்கள்.

நாமே செய்யத் தகுந்தது ஒன்று உண்டு: மென்மயிர்த் தூரிகையால், முத்திரையைத் தொட்டும் தொடாமலும், தூசியை ஓர் ஓரமாகத் தள்ளுவது. உதிராத முத்திரைக்கு மட்டும்.

## வழி மூன்று: பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம் கொடுப்பது

மலைக்குக் கிட்டத்தில் போகக்கூடிய இடங்கள் மைசூரு, பெங்களூரு, சென்னை. மைசூருவில் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகத்தின் மண்டல ஆய்வகம் இருக்கிறது. பெங்களூருவில் இன்டாக் அமைப்பின் பாதுகாப்பு நிலையம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம். தனியார் ஆவணங்களை ஏற்கிறார்களா, எவ்வளவு நாள், எவ்வளவு கட்டணம் என்பதைக் கிளம்புவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முத்திரையில் பழக்கம் உள்ளவரா என்பதையும் கேளுங்கள். தாள் வேலையில் கைதேர்ந்தவருக்கு முத்திரை புதிதாக இருக்கலாம்.

நல்ல பாதுகாப்பாளர் என்ன செய்வார்? முதலில் படம், சாய்வெளிச்சத்தில். பிறகு, கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சிறு சோதனை. மெழுகா அரக்கா என்று உறுதியான பிறகே எந்தத் திரவத்தையும் எடுப்பார். துண்டுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எது முதலில் ஒட்ட வேண்டும் என்று வரிசை போடுவார். வரிசை தவறினால் கடைசித் துண்டு உள்ளே நுழையாது. பசையை ஊசிமுனையளவில் வைப்பார். கோதுமை ஸ்டார்ச் பசையோ, முத்திரையின் வகையைப் பொறுத்து பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினோ. தேவைப்பட்டால் அடியில் ஜப்பான் திசுத்தாளால் ஒரு தாங்கல். தேன்மெழுகு முத்திரையில் காணாமல்போன பகுதியைப் புது மெழுகால் நிரப்புவதுண்டு. அப்போதும் நிரப்பிய இடம் சற்றுத் தாழ்வாகவும் நிறத்தில் ஒரு சாயல் மாறியும் இருக்கும். பார்ப்பவர் எது பழையது, எது புதியது என்று பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். காணாமல்போன எழுத்தைக் கற்பனையில் வரைந்து பதிக்க மாட்டார்கள். யாராவது "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்" என்றால் ஆவணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு பயணம்தான். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நூற்றைம்பது ஆண்டு குளிரில் இருந்த முத்திரை அது. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி மேட்டுப்பாளையம் வந்தால் ஏப்ரல் வெயில். சாப்பிடுவதற்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காரை நிறுத்தினால், உள்ளே தேன்மெழுகு இளகும் சூடு எளிதில் வந்துவிடும். டிக்கியில் வைத்தால் குலுக்கலும் சேரும். நுரைக்குழியில் முத்திரை மேல்நோக்கியபடி, மடியில் வைத்து, டிசம்பர் அல்லது ஜனவரியில், அதிகாலையில் கிளம்புங்கள். கூரியரில் அனுப்பாதீர்கள்.

உதிர்ந்துகொண்டே இருப்பது, தொங்கும் முத்திரையின் எடையை நாடா தாங்காமல் இற்றுப்போவது, தோல் ஆவணம், ஊருக்கே பொதுவான வரலாற்று ஆவணம்: இவற்றுக்கு இந்த வழிதான். வெளிநாட்டு உறவினர் மூலம் அங்கே அனுப்பிச் சரிசெய்யலாம் என்று நினைப்பவர்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டத்தை நினைவில் கொள்ளுங்கள். வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டைக் கடந்திருந்தால் அது தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

## வழி நான்கு: படம் எடுத்து வைப்பது

இது மற்ற மூன்றுக்கும் துணை. தனியாகவும் போதும், சில வேளைகளில். ஸ்கேனரில் வைக்காதீர்கள், மூடி அழுத்தும். மேசையில் விரித்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள். ஒரு படம் நேர் வெளிச்சத்தில். அடுத்து அறையை இருட்டாக்கி, ஒரு கைவிளக்கை மேசை மட்டத்தில் இடப்பக்கமாகப் பிடித்து ஒன்று, வலப்பக்கம் ஒன்று, தாளின் மேல்விளிம்புப் பக்கம் ஒன்று. வெறும் சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது, பக்கவாட்டு ஒளியில் திடீரென்று முகம் காட்டும். கேடயம், கொடி, சுற்றியுள்ள எழுத்து, ஏன், முத்திரையிட்டவரின் கட்டைவிரல் ரேகைகூடச் சில வேளை விளிம்பில் பதிந்திருக்கும். எல்.இ.டி. விளக்குப் போதும், சூடு தரும் விளக்கு வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள்.

அச்சு வார்ப்பு எடுப்பது வேறு விஷயம். சிலிக்கோன் ரப்பர் விரிசலுக்குள் இறங்கி, உரிக்கும்போது துண்டோடு வரும். முழுசாக உள்ள முத்திரைக்கே அதைப் பாதுகாப்பாளர்தான் செய்ய வேண்டும்.

## மூவருக்கும் நான் எழுதிய பதில்

கோத்தகிரிக் குடும்பத்துக்கு: வெள்ளைத்தாள் சோதனையில் தூள் விழவில்லை. பெட்டி போதும். மூன்று துண்டும் இன்னும் தாளோடு ஒட்டியே இருக்கின்றன. மடித்தே பழகிய பத்திரத்தை ஒரே நாளில் பலவந்தமாக விரிக்காதீர்கள். எதிர்ப்பு காட்டும் மடிப்பை அப்படியே விட்டு, முத்திரைக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் நடுவில் ஜன்னல் வெட்டிய நுரையை மட்டும் நுழைத்து வையுங்கள்.

கூடலூர் நண்பருக்கு: எதையும் ஒட்ட வேண்டாம், வழக்கு முடியும்வரை பாதுகாப்பாளரிடமும் வேண்டாம். 30 ஆண்டைக் கடந்த ஆவணம் உரிய காவலிலிருந்து வந்தால் அதன் கையெழுத்தும் சாட்சிக் கையொப்பமும் உண்மையானவை என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளலாம். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவில் இருந்த இது, 2023ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் 92ஆம் பிரிவாகத் தொடர்கிறது. புதுப் பசை மின்னும் முத்திரை எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் பிடி. இன்றே படங்கள் எடுங்கள், தேதியோடு. பெட்டியில் வையுங்கள். வழக்கறிஞரிடம் காட்டும்போது பெட்டியோடு காட்டுங்கள்.

தேவாலயச் செயலருக்கு: தகரச் சிமிழின் மூடியை இனித் திறக்க வேண்டாம். ஒவ்வொரு திறப்புக்கும் கொஞ்சம் மெழுகு விளிம்பில் தேய்ந்து உதிர்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் நான் பார்த்தபோது இருந்த செங்கோலின் நுனி இப்போது இல்லை. சிமிழின் எடை நாடாவில் தொங்காதபடி ஆவணத்தையும் சிமிழையும் ஒரே மட்டத்தில் நுரையில் படுக்க வையுங்கள். சபைக் கூட்டத்தில் பணத்துக்கு ஒப்புதல் வாங்குங்கள். மைசூருக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் வந்ததும் ஜனவரியில் போகலாம். பந்திப்பூர் சாலை இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணிவரை மூடியிருக்கும். ஆறு மணிக்குத் திறக்கும்போது நாம் வாசலில் நிற்பதுபோலக் கிளம்பினால், வெயில் ஏறும் முன் ஊர் சேர்ந்துவிடலாம். பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள நானும் வருகிறேன்.